நாற்பத்தெட்டு இலக்கங்கள்

வின்னிபெக்கில் அன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
அந்தக் குளிரிலும் போர்ட்டேஜ் வீதித் தரிப்பிடத்தில்
சாந்தரூபியின் கார்க் கண்ணாடியை உடைக்க
ஒருவனுக்கு மனம் வந்திருக்கிறது.
பின்னிருக்கையில் ஒரு சோடிக் கையுறை,
பாதி தின்ற மஃபின், ஒரு மடிக்கணினி.

கையுறையை அவன் எடுக்கவில்லை.

கடவுச்சொல் போட்டிருந்தேனே என்று அழுதாள்.
அலுவலகத்தில் கணினி பார்க்கிற பெடியன்
சிரிக்காமல் சொன்னான்:
அது முன்கதவுக்கு மட்டும், அக்கா.
வன்வட்டைக் கழற்றி இன்னொன்றில் கொழுவினால்
வீட்டுக்குச் சுவரே இல்லை.

அவளும் நானும் ஒரே தொழில்.
அகதி மனு எழுத வருகிறவர்களுக்கு
வாயை இரவல் கொடுக்கிறவர்கள்.
என்னிடம் இருநூற்றுப் பதினாறு கோப்புகள்.
ஒன்றில் ஒரு பெண் "பிறகு" என்று சொல்லிவிட்டு
நாலு நிமிடம் நிறுத்துகிறாள்.
அந்த நாலு நிமிடத்துக்கு நேரே
மௌனம் என்று தட்டச்சு செய்திருக்கிறேன்.
அதற்குப் பிறகு அவள் சொன்னது
அவளுடைய மகளுக்குத் தெரியாது.
எனக்கும் இந்தப் பெட்டிக்கும் தெரியும்.

பூட்டிவிடலாம் என்று இரவு பத்தரைக்கு உட்கார்ந்தேன்.
திரை முதலில் எச்சரித்தது:
மீட்புச் சாவி, ஆறாறாய் எட்டுக் கூட்டம்.
தொலைத்தால் எங்களாலும் திறக்க முடியாது.
அந்த 'எங்கள்' யாரென்று சொல்லவில்லை.

பிரணவன் தேத்தண்ணியோடு வந்து நின்றார்.
"மறந்து போனீர் எண்டால்?"
எழுதி வைப்பன்.
"எழுதினதைக் கள்ளன் எடுத்தால்?"
கள்ளன் அரிசி வாளிக்குள்ள கை விடமாட்டான்.
"நீர் இல்லாட்டி?"

பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால்
இருவருக்கும் பிராண்டன் தவபாலன் ஞாபகம் வந்தது.
கேக் வெட்டிக்கொண்டு நின்ற மனிசன்.
மூளையில் ஒரு நரம்பு.
இப்போது மனைவியின் பெயர் சொல்கிறார்,
உப்புக் கூட என்கிறார்,
கடவுச்சொல் மட்டும் இல்லை.
வரிக் கணக்கும் வீட்டுக்கடனும்
மகன் பிறந்த அறையின் வீடியோவும்
அந்தப் பூட்டுக்குப் பின்னால்.
ஞாயிறுதோறும் அவர் மடியில்
விசைப்பலகையை வைக்கிறாராம் மனைவி,
விரல்களுக்காவது தெரியுமோ என்று.
விரல்கள் ஒரு தொலைபேசி எண்ணை அடிக்கின்றன.
யாருடையதென்று ஒருவருக்கும் தெரியாது.

அதனால் படங்களை முதலில் வெளியே எடுத்தேன்.
கவின் பனிச்சறுக்கில் விழுந்து எழும்பாத நாள்,
எரிந்துபோன முதல் பாண்,
ஆற்றங்கரையில் கண் மூடிய நாங்கள்.
பூட்டில்லாத ஒரு சின்ன வட்டில் போட்டு
பிரணவனின் மேசையில் வைத்தேன்.
கள்ளன் எடுத்தால் பார்க்கட்டும்,
நாங்கள் விழுந்ததைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

மிச்சத்துக்குப் பொத்தானை அழுத்தினேன்.

தாளில் ஏழு கூட்டம் எழுதி
அரிசிக்குள் புதைத்தேன்.
எட்டாவதை எழுதவில்லை, மனப்பாடம் செய்தேன்.
அவர்கள் எனக்குத்தான் சொன்னார்கள்,
என் வாரிசுக்கு இல்லை.
நான் போனால் அதுவும் போகட்டும்.

படுத்திருக்கலாம். படுக்கவில்லை.
சூடாக்கி உறுமி அடங்கி மறுபடி உறுமியது.
இப்போது மின்சாரம் போகக்கூடாது என்று
எந்தச் சாமியிடம் கேட்பதென்று யோசித்தேன்.
அறுபத்து மூன்று வீதம்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் குரல்,
பத்து வருடம் கழித்துக் கேட்கக்கூடிய ஒரு குரல்:
தங்கச்சி, நான் அண்டைக்கு
என்ன சொன்னனான்?
மேல்முறையீட்டுக்கு வேணுமாம்.
எனக்கே மறந்து போச்சு.

தவபாலனின் விரல்களைப் போல
அவளும் வெறும் காற்றில் தடவுகிறாள்.
நான் அங்கே இருக்கிறேனா
என்று தெரியவில்லை.

எழும்பிப் போய் வாளியைத் திறந்தேன்.
அரிசியை உதறி, தாளை விரித்து,
கடைசி ஆறையும் எழுதினேன்,
பென்சிலால்.

அறுபத்து நாலு.